தண்ணீரைச் சுமக்காதீர்கள்: மலைக்குக் கொண்டுபோகும் உணவின் அறிவியல்

ஏழு நாள் காட்டில் நடக்கப் போகிறீர்கள். வழியில் மளிகைக்கடை இல்லை, உணவங்காடியும் இல்லை. ஏழு நாளைக்கும் வேண்டிய சாப்பாடு உங்கள் முதுகில்தான் வர வேண்டும். எத்தனை கிலோ எடுத்துச் செல்வீர்கள்?

தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான சிகரம் குனோங் தஹான். உயரம் 2,187 மீட்டர். கோலா தஹானிலிருந்து செல்லும் பழைய பாதையில் போய்த் திரும்ப ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அங்கே போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். பனிமலைகளில் பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் பயணம் செய்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். அதிகம் சுமந்தால் முழங்கால் தாங்காது. குறைவாகச் சுமந்தால் பாதி வழியில் உடல் தளர்ந்துவிடும். காட்டிலோ பனியிலோ தளர்ந்துபோனவர் தடுமாறி விழுகிறார், தவறான முடிவெடுக்கிறார்.

விடையைக் கண்டுபிடிக்க ஒரு சமையலறைத் தராசும் கொஞ்சம் கணக்கும் போதும்.

சோற்றில் எவ்வளவு தண்ணீர்?

100 கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 70 கிராம் தண்ணீர். மீதி 30 கிராமில்தான் உங்களை நடக்க வைக்கும் ஆற்றல் இருக்கிறது. அது சுமார் 130 கலோரி. அதே 100 கிராம் அரிசியாக இருந்தால் 360 கலோரி கிடைக்கும். (உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றல் அது.)

பையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுதும் மலையேறும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,000 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள், பாதைக்குப் பாதை இது மாறும். ஏழு நாளைக்கு 21,000 கலோரி. இதை வெந்த சோறாகவே கொண்டுபோவதானால் 16 கிலோ! அரிசியாகக் கொண்டுபோனால் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உலர்ந்த பொருள்களையும் கொழுப்புள்ள பொருள்களையும் சரியாகக் கலந்து எடுத்தால் 5 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

டின் உணவுக்கும் இதே கணக்கு. சார்டின் டின்னில் மீனோடு குழம்பின் தண்ணீரையும் தகரத்தையும் சுமக்கிறோம். சாப்பிட்ட பிறகு காலி டின்னைக் காட்டில் வீசிவிட்டு வரக்கூடாது. அதையும் திரும்பச் சுமக்க வேண்டும்.

ஆகவே முதல் விதி இது: காட்டில் ஓடையும், பனிமலையில் பனியும் தண்ணீர் தரும். உணவுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள்

கடையில் வாங்கும் பொட்டலங்களின் பின்புறம் ‘தெனாகா’ என்ற தலைப்பில் 100 கிராமுக்கு எத்தனை கிலோகலோரி என்று அச்சிட்டிருக்கும். அதை 100-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்பது தெரியும். இதை ஆற்றல் அடர்த்தி என்கிறோம்.

மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் ஆகியவை கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 கலோரி தருகிறது. கொழுப்பு மூலக்கூறில் கரிமமும் ஹைட்ரஜனும் அதிகம், ஆக்சிஜன் குறைவு. மாவுச்சத்து ஏற்கெனவே ஓரளவு ஆக்சிஜனோடு சேர்ந்திருப்பதால், அது ‘எரியும்போது’ வெளிவரும் ஆற்றல் குறைவு. பாதி எரிந்த விறகுக்கும் புது விறகுக்கும் உள்ள வேறுபாடு போல.

சில எண்களைப் பாருங்கள். எல்லாம் ஒரு கிராமுக்கு, ஏறக்குறைய: நெய் 9, துருவி உலர்த்திய தேங்காய் 6.6, நிலக்கடலை 5.7, முழுக்கொழுப்புப் பால் மாவு 5, பொரித்த உடனடி மீ 4.5, ஓட்ஸ் 3.8, வெல்லம் 3.8, அவல் 3.5, பேரீச்சம்பழம் 2.8, சோறு 1.3, ஆப்பிள் 0.5. மலைப்பயணத்துக்கு உணவு தேர்ந்தெடுக்கும்போது 4-க்கு மேல் உள்ளவை நல்லவை. 3-க்குக் கீழே உள்ளவற்றைச் சுவைக்காகக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம்.

நெய்யை மட்டும் கொண்டுபோனால் என்ன?

“அப்படியானால் இரண்டரை கிலோ நெய் போதுமே” என்று ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான். கணக்கு சரிதான். உடல் ஒத்துக்கொள்ளாது.

நம் தசைகளும் கல்லீரலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. மொத்தம் அரைக் கிலோ அளவுதான். ஏறக்குறைய 2,000 கலோரி. செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறும்போது தசை முதலில் கேட்பது இதைத்தான். கொழுப்பை எரிக்க அதிக ஆக்சிஜன் வேண்டும், வேகமும் குறைவு. கிளைக்கோஜன் தீர்ந்துவிட்டால் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருந்தாலும் கால் கனக்கும், தலை சுற்றும். ஆகவே நடக்கும்போது மணிக்கொரு தரம் கொஞ்சம் மாவுச்சத்தும் இனிப்பும் வாய்க்குப் போக வேண்டும். கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். அதற்கு இரவு உணவே ஏற்ற நேரம். குளிரில் தூங்கும்போது நெடுநேரம் உடலைச் சூடாக வைத்திருக்க அது உதவும்.

இந்தச் சமநிலையைத் தேடி நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சோதனை நடந்தது. 1911-ஆம் ஆண்டு அண்டார்டிகாவின் கடுங்குளிர் காலத்தில், பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கெரார்ட் ஆகிய மூவர் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடிப் புறப்பட்டார்கள். வெப்பநிலை சில நாள் சுழியத்துக்குக் கீழே 60 பாகை வரை இறங்கியது. அந்தப் பயணத்தையே ஓர் உணவுச் சோதனையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். மூவருக்கும் பொதுவான உணவு பிஸ்கட்டும் பெம்மிக்கனும். பெம்மிக்கன் என்பது உலர்ந்த இறைச்சியை இடித்து உருக்கிய கொழுப்போடு கலந்த கட்டி. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கண்டுபிடிப்பு. இவற்றோடு வில்சனுக்குக் கூடுதலாக வெண்ணெய், பவர்ஸுக்குக் கூடுதலாகப் பெம்மிக்கன், செரி-கெரார்டுக்குக் கூடுதலாகப் பிஸ்கட்.

வில்சனால் தமக்கு ஒதுக்கிய வெண்ணெயை முழுதும் தின்ன முடியவில்லை. பிஸ்கட்டை நம்பியிருந்த செரி-கெரார்ட் கொழுப்புக்கு ஏங்கினார். ஓர் உணவுக்கு ஒருவர் என்பது இன்றைய ஆய்வு முறைக்குப் போதாதுதான். ஆனாலும் எல்லாம் கலந்த உணவே தாக்குப்பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெளிவானது. அதிலிருந்தே தென் துருவப் பயணத்துக்கான நாளுணவு உருவானது: பிஸ்கட் 454 கிராம், பெம்மிக்கன் 340 கிராம், சர்க்கரை 85 கிராம், வெண்ணெய் 57 கிராம், கொஞ்சம் கோக்கோவும் தேயிலையும். மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆற்றல் சுமார் 4,500 கலோரி.

எடை சரி, அளவு போதவில்லை

ஒரு கிலோவுக்குள் 4,500 கலோரி என்பது இன்றைக்கும் மெச்சத்தக்க ஆற்றல் அடர்த்தி. ஆனால் பனிச்சறுக்கு வண்டியைத் தாமே இழுத்துச் செல்லும் மனிதருக்கு நாளுக்கு 6,000 கலோரிக்கும் மேல் தேவை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஸ்காட் குழுவினர் ஒவ்வொரு நாளும் தங்கள் உடலையே தின்று நடந்தார்கள் என்று சொல்லலாம்.

இரண்டாவது குறை உயிர்ச்சத்து. பிஸ்கட்டிலும் பெம்மிக்கனிலும் வைட்டமின் சி இல்லை. வைட்டமின் என்ற சொல்லே 1912-இல்தான் உருவாக்கப்பட்டது. ஸ்காட்டின் துணைத் தலைவர் எட்வர்ட் எவன்ஸ் துருவத்துக்குப் போகும் வழியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டபோது ஸ்கர்வி நோயால் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டார்.

மூன்றாவது குறை எரிபொருள். பாதையில் சேமித்து வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கலன்களில் மூடி வழியாக எண்ணெய் கசிந்து குறைந்திருந்தது. பனிப் பாலைவனத்தில் எரிபொருள் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்த ஐவரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. கடைசி மூவரும் மார்ச் மாத இறுதியில், அடுத்த உணவுக் கிடங்குக்கு 11 மைல் தொலைவில், கூடாரத்துக்குள்ளேயே இறந்தார்கள். கடுங்குளிரும் புயலும் பெருங்காரணங்கள். உணவுக் கணக்கும் அவற்றுள் ஒன்று.

இதே பாடத்தைப் பின்னாளில் அளந்தும் பார்த்தார்கள். 1992–93-இல் ரனுல்ஃப் ஃபைன்ஸ், மருத்துவர் மைக் ஸ்ட்ரௌட் ஆகிய இருவரும் அண்டார்டிகாவின் குறுக்கே 95 நாள் வண்டியிழுத்து நடந்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய 5,000 கலோரி சாப்பிட்டும் ஒவ்வொருவரும் 20 கிலோவுக்கும் மேல் எடை இழந்தார்கள்.

தண்ணீரை வெளியேற்றும் மூன்று வழிகள்

முதல் வழி உலர்த்துதல். கருவாடும் வற்றலும் நமக்குப் புதியவை அல்ல. அவல் இன்னும் நுட்பமானது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கும்போது அதன் மாவுச்சத்து ஏற்கெனவே வெந்துவிடுகிறது. ஆகவே பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாலே போதும். அடுப்பே தேவையில்லாத உடனடி உணவு!

இரண்டாவது வழி பொரித்தல். 1958-இல் ஜப்பானில் மோமோஃபுக்கு ஆண்டோ அறிமுகப்படுத்திய உடனடி மீ இந்த வகை. ஆவியில் வேகவைத்த மீயைச் சூடான எண்ணெயில் இடும்போது, அதிலுள்ள தண்ணீர் நீராவியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. அந்த வழிகள் நுண்ணிய துளைகளாக நிலைத்துவிடுகின்றன. பின்னர் கொதிநீர் அதே துளைகள் வழியே உள்ளே புகுவதால் மூன்று நிமிடத்தில் மீ தயாராகிவிடுகிறது.

மூன்றாவது வழி உறைய வைத்து உலர்த்துதல். உணவை உறைய வைத்து, காற்றழுத்தத்தை மிகமிகக் குறைத்தால் பனிக்கட்டி உருகாமல் நேரடியாக ஆவியாகும். இதுதான் பதங்கமாதல். உணவின் வடிவம் சுருங்காது, நிறமும் மணமும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவைத்து, மிதித்துப் பிழிந்து, பகல் வெயிலில் உலர்த்திச் செய்யும் ‘சூன்யோ’வையும் இதற்கு உறவு என்று சொல்லலாம். இவ்வகைப் பொட்டலங்கள் இன்று மலையேற்றக் கடைகளில் கிடைக்கின்றன. எடை மிகக் குறைவு, விலைதான் அதிகம்.

வீட்டில் உலர்த்துவதானால் உணவு உலர்த்தும் கருவி அல்லது குறைந்த சூட்டில் வைத்த அவனைப் பயன்படுத்துங்கள். 60 பாகை அளவு சூடு சோற்றுக்கும் காய்கறிக்கும் ஏற்றது. நம் நாட்டின் ஈரக்காற்றில் வெயிலை மட்டும் நம்பினால் உலர்வதற்கு முன்பே பூஞ்சை பிடித்துவிடலாம். இறைச்சியை முதலில் நன்றாக வேகவைத்த பிறகே உலர்த்த வேண்டும். எண்ணெய் ஆவியாகாது, நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். ஆகவே உலர்த்தும் உணவில் எண்ணெயைக் குறைத்து, நெய்யைத் தனிப் புட்டியில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள்.

மீண்டும் தண்ணீர் சேர்க்க என்ன செலவு?

உலர்ந்த உணவுக்குக் கொதிநீர் வேண்டும், கொதிநீருக்கு எரிபொருள் வேண்டும். அதுவும் சுமைதான்.

20 பாகையில் உள்ள ஒரு லிட்டர் ஓடை நீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 335 கிலோஜூல் ஆற்றல் தேவை. அடுப்பின் வெப்பத்தில் பாதி காற்றோடு போகும் என்று வைத்தால் 15 கிராம் எரிவாயு செலவாகும். இப்போது பனிமலைக்கு வாருங்கள். சுழியப் பாகையில் உள்ள ஒரு கிலோ பனியை அதே சுழியப் பாகைத் தண்ணீராக உருக்க மட்டுமே 334 கிலோஜூல் தேவை! இதுதான் உள்ளுறை வெப்பம். அதன் பிறகு கொதிக்க வைக்க இன்னும் 418. மொத்தம் 752 கிலோஜூல், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். குடிக்கவும் சமைக்கவும் நாளெல்லாம் பனியை உருக்க வேண்டியவர்கள் எரிவாயுவையும் அதற்கேற்பக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். சாதாரண பியூட்டேன் வாயு சுழியப் பாகைக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும் என்பதால் புரொப்பேன் கலந்த கலனே பனியில் உதவும். விமானத்தில் எரிவாயுக் கலனுக்கு அனுமதி இல்லை. போய்ச் சேர்ந்த ஊரில்தான் வாங்க வேண்டும்.

உயரம் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறையும். குனோங் தஹான் உச்சியில் சுமார் 93 பாகையிலேயே தண்ணீர் கொதிக்கும். கினபாலு உச்சியில் (4,095 மீட்டர்) 86 பாகை அளவில். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. கடலைப்பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும். உடனடி உணவுகளைக்கூடக் கொதிநீர் ஊற்றி மூடித் துண்டால் சுற்றி, பொட்டலத்தில் சொன்னதைவிடக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும்.

நம் காட்டில் எதிரி வேறு

பனிமலையில் உணவு கெடுவது அரிது. அங்கே சாக்லேட் கல்லாக இறுகும், நொறுக்குத்தீனியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். நம் மழைக்காட்டில் சாக்லேட் உருகும், சோறு ஊசிப்போகும். சோற்றில் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைத்த பிறகும் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பான சூட்டில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. காலையில் கட்டிய நாசி லெமாக்கை மாலை முகாமில் திறப்பது ஆபத்தான பழக்கம். முதல் நாள் முற்பகலுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

நுண்ணுயிர் வளரப் பயன்படக்கூடிய நீர் உணவில் எவ்வளவு என்பதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீருக்கு இது 1. இது 0.6-க்குக் கீழே இருந்தால் எந்த நுண்ணுயிரும் பெருகாது. நம் பாட்டிமார் செய்யும் பொருவிளங்கா உருண்டை பல நாள் கெடாததற்கு இதுவே காரணம். வறுத்த மாவில் ஈரம் இல்லை, இருக்கும் கொஞ்சம் ஈரத்தையும் வெல்லம் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆனால் பொட்டலத்தைத் திறந்தபடி விட்டால் காட்டின் ஈரக்காற்றை உணவு உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு வேளை உணவையும் தனித்தனிப் பையில் காற்று புகாமல் அடைத்து, நாள் எண்ணை எழுதி வையுங்கள்.

ஒரு நாள் மாதிரிப் பட்டியல்

காலை: ஓட்ஸ் 60 கிராம், பால் மாவு 30, மைலோ 20, உலர் திராட்சை 20. மொத்தம் 130 கிராம், 520 கலோரி.

நடக்கும்போது: நிலக்கடலை 80 கிராம், பேரீச்சம்பழம் 60, கடலை மிட்டாய் 60, பிஸ்கட் 50. மொத்தம் 250 கிராம், 1,155 கலோரி.

மதியம் (அடுப்பு வேண்டாம்): அவல் 80 கிராம், வெல்லம் 30, உலர்ந்த தேங்காய்த் துருவல் 20. மொத்தம் 130 கிராம், 525 கலோரி.

இரவு: உடனடி மீ 80 கிராம், உருளைக்கிழங்கு மாவு 40, வறுத்து இடித்த நெத்திலி 25, நெய் 20. மொத்தம் 165 கிராம், 760 கலோரி.

ஆக 675 கிராம், ஏறக்குறைய 2,960 கலோரி. கிராமுக்கு 4.4. ஏழு நாளைக்கு 4.7 கிலோ. சைவ உணவுக்காரர்கள் நெத்திலிக்குப் பதில் வறுத்த பொட்டுக்கடலை மாவைச் சேர்க்கலாம். பனிமலைக்குப் போகிறவர்கள் இதோடு நாளுக்கு 100 கிராம் பருப்பு வகைகளும் (பாதாம், முந்திரி போன்றவை) 50 கிராம் வெண்ணெயும் சேர்த்தால் 825 கிராமில் 3,900 கலோரி கிடைக்கும். சில நாள் பயணத்தில் வைட்டமின் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வாரக்கணக்கில் போவதானால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பட்டியலை மாற்றிக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் இரண்டு வேலைகள் செய்யுங்கள். ஒன்று, இந்த உணவை ஒரு நாள் வீட்டிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். பிடிக்காத உணவு பையிலேயே கிடக்கும். களைத்த உடம்பு அதைத் தொடாது, அதன் கலோரியால் பயன் இல்லை. இரண்டு, கணக்கிட்டதற்கு மேல் ஒரு நாள் உணவைக் கூடுதலாக வையுங்கள். மழை பெய்து ஆறு பெருகினால் கடக்க முடியாமல் ஒரு நாள் கரையில் காத்திருக்க நேரும். அந்த 675 கிராம் கையில் இருந்தால் வெள்ளம் வடியும்வரை பொறுத்திருக்க மனம் வரும். இல்லையென்றால் பசியோடு வெள்ளத்தில் இறங்கத் தோன்றும்.